வடசென்னையை மேலிருந்து பார்த்துக்கொண்டே காதால் கேட்க ஒரு வழி வேண்டும்

கேள்வி: ராயபுரம் கிரேன்காரர்

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் 31 வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். வடசென்னைக்கு ஒரு ஒலி வழிகாட்டியை நானே பேசிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிற்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

ஜூன் மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தோம். எனக்கு முழங்கால் தேய்மானம், ஊர் சுற்றுகிற அளவுக்கு நடை ஆகாது. அதனால் மகள் கேபிள் காருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். எம்ஆர்டி என்கிற அவர்கள் ஊர் மெட்ரோ ரயில் நிலையத்தில் இறங்கியதும் எதிரே தமிழில் ‘துறைமுகமுனை’ என்று பெயர்ப்பலகை. பாரிமுனை பக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு அதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஃபேபர் குன்று, துறைமுகமுனை, செந்தோசா தீவு என்று அந்த வழியில் மூன்று நிலையம். 1974இல் ஓட ஆரம்பித்தது. நடு நிலையம் ஓர் உயரமான கட்டடத்தின் 15ஆம் மாடியில் இருக்கிறது. பெட்டி ஒரு பக்கம் கட்டடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. என் கண் முதலில் போனது கம்பியின் மேல். கம்பி நிற்பதே இல்லை. பெட்டி நிலையத்துக்குள் வந்ததும் அதன் பிடி கம்பியை விட்டுவிடுகிறது. டயர் வரிசை ஒன்று பெட்டியை மெல்ல நகர்த்துகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், அப்புறம் ஓடுகிற கம்பியின் வேகத்துக்குப் பெட்டியைக் கொண்டுவந்து மறுபடி கவ்வ வைக்கிறது. ஒரு குலுக்கல் இல்லை. கம்பியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், அருமையான வேலைப்பாடு.

துறைமுகத்துக்கு மேலே வந்ததும் இடப்பக்கம் பிரானி தீவின் கன்டெய்னர் கிரேன்கள். கீழே சொகுசுக் கப்பல் ஒன்று நின்றது. 1983 ஜனவரி 29இல் ஒரு துளையிடும் கப்பலின் கோபுரம் இந்தக் கம்பியில் சிக்கி இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அப்போது என் அப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தார். ராத்திரி சாப்பிடும்போது எங்களிடம் அதைச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்துக்கு மேலே போகும்போது கையெடுத்துக் கும்பிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஒரு ஒலி வழிகாட்டியைப் போனில் இறக்கி வைத்திருந்தாள். நாமே போட்டுக் கேட்டுக்கொண்டு போகிற மாதிரி, ஆள் தேவையில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. பேத்திக்கு 11 வயது, பள்ளியில் தமிழ் படிக்கிறாள். ஒரு காதில் அவள் மாட்டிக்கொண்டாள், இன்னொன்றை என் காதில் வைத்தாள். அது சொல்லச் சொல்ல அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். செந்தோசா என்பது நம்முடைய சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

31 வருடம் மேலிருந்து பார்த்தவன் நான். கிரேன் கேபினில் உட்கார்ந்தால் கீழே பேசுவது எதுவும் காதில் விழாது. சிக்னல்மேன் கை காட்டுவார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு, கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. அவ்வளவுதான் பேச்சு. சரக்கு வராத நேரத்தில் திரும்பிப் பார்த்தால் இராயப்பர் கோயில் கோபுரம், காசிமேட்டுப் படகுகள், தெற்கே உயர் நீதிமன்றத்தின் கலங்கரை விளக்கக் கோபுரம் எல்லாம் தெரியும். ஊரே கண்ணில் விழும், சத்தம் மட்டும் இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும் இடம் காதோடு பேசினால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

இறங்கும்போது பேத்தி கேட்டாள்: “தாத்தா, உங்க ஊருக்கு இந்த மாதிரி இருக்கா?”

ஊர் திரும்பியதும் சென்னைக்கு ஒரு ஒலி வழிகாட்டி கிடைத்தது, இறக்கிக் கேட்டேன். மயிலாப்பூர், சாந்தோம், மெரினா, கோட்டை, அப்புறம் பாரிமுனை. அதோடு முடிந்துவிட்டது. பாரிமுனைக்கு வடக்கே ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சரி, நாமே பேசிப் பதிவு செய்வோம் என்று உட்கார்ந்தேன். டிசம்பர் விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள், அதற்குள் முடிக்க வேண்டும்.

எழுதி வைத்திருப்பது இவை: ராயபுரம் ரயில் நிலையம் (1856 ஜூலை 1, தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு போனது), ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, காசிமேடு, திருவொற்றியூர் கோயில். காலடிப்பேட்டை ஒரு மகானின் காலடி பட்ட இடம் என்று என் பாட்டி சொல்வாள், அதையும் சேர்த்திருக்கிறேன்.

சந்தேகங்கள்: உயரத்திலிருந்து பார்க்க நம் பக்கம் எது இருக்கிறது? சிங்கப்பூரில் கேட்டதில் ஒரு குறை இருந்தது, பெட்டி ஓரிடத்தைத் தாண்டிய பிறகு குரல் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னது. கண்ணும் காதும் ஒரே நேரத்தில் சேர என்ன செய்வது? பதிவு எப்படிச் செய்வது? என் போனில் பேசினால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது.

பதில்: வண்ணை ஒலிப்பெட்டி

ஐயா வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டை, டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

உயரத்துக்கு நீங்கள் எங்கும் தேட வேண்டாம். மெட்ரோ இருக்கிறது. கொலம்பியாவின் மெடலினில் 2004லும் பொலிவியாவின் லா பாஸில் 2014லும் கேபிள் காரை ஊர் மக்கள் தினமும் போய்வரும் வண்டியாகவே கொண்டுவந்தார்கள். அங்கே மலைச்சரிவில் வீடுகள், பேருந்து ஏற முடியாத தெருக்கள், அதனால் கம்பி தேவைப்பட்டது. நமக்குத் தரை மட்டம். நமக்கு 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் வந்துவிட்டது. தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அதைத் தாண்டியதும் வண்டி வெளிச்சத்துக்கு ஏறுகிறது. புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று அந்த வழி முழுக்கத் தூண்களுக்கு மேலேதான். முழங்காலுக்கும் கஷ்டமில்லை, நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. டிசம்பர் மழையிலும் நனையாமல் பார்க்கலாம்.

வடக்கே போகும்போது கடல் வலக்கைப் பக்கம். ஆனால் மெட்ரோவில் இருக்கைகள் சன்னலுக்கு முதுகு காட்டி நீளவாக்கில் இருக்கின்றன. வலப்பக்கம் உட்கார்ந்தால் கடலுக்கு முதுகுதான் தெரியும். அதனால் பாப்பாவை இடப்பக்க இருக்கையில் உட்கார வையுங்கள், எதிர்ச் சன்னலில் கடல் வரும். கூட்டம் எதிரே நின்று மறைக்கும் என்பதால் மத்தியான நேரமாகப் பாருங்கள். இதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணும் காதும் சேருவதற்கு வருகிறேன். நடந்து போகும் வழியாக இருந்தால் ஜிபிஎஸ் பார்த்து அந்த இடம் வந்ததும் தானாகப் பேசும் செயலிகள் இருக்கின்றன. இஸி டிராவல் என்று ஒன்று, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கள் ஊருக்கு ஒலி வழி போடலாம். ஆனால் சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது. ரயில் வேகத்தில் மேலேயும் அதை நம்பி இருக்க முடியாது. இதற்கு நம் வண்டியிலேயே ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் ‘அடுத்த நிலையம்’ என்று தமிழில் அறிவிப்பு வருகிறதே, அதுதான் உங்கள் சிக்னல்மேன். ‘சுங்கச்சாவடி என்று வண்டி சொன்னதும் மூன்றாம் பதிவை அழுத்து’ என்று சொல்லிவிடுங்கள். ஒரே நீளமான பதிவாகப் போடாதீர்கள். ஒரு நிலையத்துக்கு ஒரு சின்னப் பதிவு. வண்டி ஓரிடத்தில் நின்றுபோனாலும் அடுத்த பதிவு அந்தத் தாமதத்தில் மாட்டாது. நீங்கள் சிங்கப்பூரில் பார்த்த குறை இப்படிப் போட்டால் வரவே வராது.

பதிவு செய்ய: பீரோவைத் திறந்து வையுங்கள், உள்ளே புடவைகள் மடித்திருக்கும் தட்டுக்கு நேரே முகத்தை வைத்து உட்காருங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் ஸ்விட்சையும்தான், அதன் உறுமல் நமக்குப் பழகிவிட்டது, மைக்குக்குப் பழகவில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கன்னத்துப் பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் ‘பாரிமுனை’ என்று சொல்லும்போது அந்த ‘பா’ காற்று மைக்கில் மோதிப் பொத்தென்று கேட்கும். மெதுவான குரலில் படிக்காதீர்கள், ரயில் இரைச்சலில் மெல்லெழுத்து எல்லாம் கரைந்துவிடும். நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற குரலில் சொல்லுங்கள். ஸ்டூடியோக் குரல் வேண்டாம். கிரேன் ஓட்டியவர் குரலாகவே இருக்கட்டும்.

பதிவு முடிந்ததும் கோப்புகளை எனக்கு அனுப்புங்கள், சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம்.

பதில்: தேரடி டீச்சர்

சார், திருவொற்றியூரில் 28 வருடம் தமிழ் நடத்தினேன். நீங்கள் எடுத்திருக்கும் வேலை எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தேவையானது. நம் பக்கத்து நிலையப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆனால் ஒரு திருத்தம், காலடிப்பேட்டை காலடி அல்ல.

1717 முதல் 1720 வரை சென்னைக்கு ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அவர் பெயரால் காலட்பேட்டை ஆனது. நம் ஜனங்களின் நாக்கில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரம் வரதரைத் தினமும் கும்பிட்டுவிட்டே வேலைக்கு வந்த ஓர் ஊழியருக்காகக் காலட் அந்தக் கோயிலைக் கட்டிக்கொடுத்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உங்கள் பாட்டி சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். ‘என் பாட்டி இப்படிச் சொல்வாள், வரலாறு இப்படிச் சொல்கிறது’ என்று இரண்டையும் பேத்தியின் காதில் போடுங்கள். பெயர் எப்படித் தேய்கிறது என்பதை அவள் அந்த இடத்தில் வைத்தே கற்றுக்கொள்வாள்.

வண்ணாரப்பேட்டை, கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு தொண்டிப் பக்கமிருந்து வந்தவர், அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை ஆனது என்று சொல்வார்கள். ராயபுரமும் அப்படித்தான். இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். நீங்கள் கேபினிலிருந்து பார்த்த அந்தக் கோபுரம் படகோட்டிகள் கட்டிய கோயில். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் மசூலாப் படகுக்காரர்கள்தான். உங்கள் கிரேன் செய்த வேலையை அவர்கள் தோளில் செய்தார்கள். இதை வேறு யார் சொன்னாலும் வெறும் தகவல், நீங்கள் சொன்னால்தான் பொருந்தும்.

எம்டனைச் சொல்லும்போது கில்லாடியான ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் பேசுவதையும் சேர்த்துவிடுங்கள். குண்டு போட்டுவிட்டு இருட்டில் மறைந்த கப்பல் தமிழில் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. பேத்திக்கு அது பிடிக்கும்.

இன்னொரு வேண்டுகோள். விம்கோ நகர் வரை போனால், அது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம் என்று சொல்லுங்கள். தீப்பெட்டி ஆலை. எம்ஆர்எஃப் 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். ஆலைகளைச் சொல்லாமல் எங்கள் ஊரைச் சொல்ல முடியாது. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சோறு கட்டிய ஊர் இது.

கோயிலில் கல்வெட்டு, கட்டடம் என்று போகாமல் சுந்தரர் கதையைச் சொல்லுங்கள். சங்கிலியாரை மணக்க, உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் செய்தால் பின்னால் கஷ்டம் என்று, இறைவனைக் கொஞ்ச நேரம் மகிழ மரத்தடியில் போய் இரு என்று கேட்டுக்கொள்கிறார். இறைவன் சங்கிலியாரின் தோழிகள் மூலம் அந்த மரத்தடியிலேயே சத்தியம் வாங்க வைத்துவிடுகிறார். அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து சுந்தரர் கிளம்ப, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. நான் இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்வேன். ரயில் சன்னலில் ஊர் முழுக்கப் பார்த்து வந்தவள், தேரடியில் இறங்கிக் கோயிலுக்குள் மகிழ மரத்தடியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இந்த ஒன்றைக் கேட்கட்டும்.

பதில்: பழனிப் பாதை

ஐயா, பழனியில் ரோப்காரில் போகும்போது நான் கவனித்தது ஒன்று. ஏறி உட்கார்ந்த முதல் நிமிடம் யாரும் எதையும் காதில் வாங்குவதில்லை. பயமும் சந்தோஷமும் சேர்ந்து இருக்கும். வண்டி சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும் அந்த இடத்திலும் அதுதான் நடக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு எதுவும் பேசாதீர்கள்.

பதில்: காசிமேடு பொண்ணு

ஐயா வணக்கம். நான் காசிமேடு. அம்மா 40 வருடமாக மீன் விற்கிறவர். உங்கள் பட்டியலில் எங்கள் ஊருக்கு ‘காசிமேடு’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

கேமராவோடு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பார்கள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டுவார்கள். வந்தவர்கள் ஒருத்தரும் அம்மா பேரைக் கேட்டதில்லை. அவருக்கு அது பெரிய வருத்தம். உங்கள் வழியைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்: படம் எடுக்கும் முன் கேளுங்கள், வழியில் நிற்காதீர்கள், ஐஸ் வண்டிக்கும் கூடை தூக்கி வருகிறவருக்கும் ஒதுங்குங்கள்.

அடுத்தது, ‘படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பாருங்கள்’ என்று எழுதி வைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் போகாது. அத்தனையும் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பார்கள், வலையை மடியில் போட்டு ஓட்டை ஓட்டையாகச் சரிசெய்வார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுங்கள். வீட்டில் பணம் இல்லாத மாதங்கள் அவை, ஆனால் அப்பாக்கள் வீட்டில் இருக்கும் மாதங்களும் அவைதான். அப்பா எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஒரு தடைக்காலத்தில்.

நீங்கள் மேலிருந்து பார்த்தது படகுகளின் கலர். கீழே வந்தால்தான் ஏலம். விடிவதற்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் தரையில் மீனைக் கொட்டுவார்கள். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார். வாங்குகிறவர்கள் கத்த மாட்டார்கள். அம்மா கையைக்கூடத் தூக்க மாட்டார், தலையை இவ்வளவு அசைப்பார், முடிந்தது. அப்புறம் வஞ்சிரம் ஒரு பக்கம், சங்கரா ஒரு பக்கம், நெத்திலியை அன்னக்கூடையில் அள்ளி ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஏழு மணிக்குள் கடையில் உட்கார்ந்துவிடுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தத் தலையசைப்பைப் பார்த்தே அன்றைக்கு விலை எப்படி என்று சொல்லிவிடுவேன்.

ஏலச் சத்தத்தை நீங்கள் வாயால் விவரிக்காதீர்கள். அந்தச் சத்தத்தையே பதிவு செய்து அரை நிமிடம் போடுங்கள். அதற்கு மேல் அம்மா பேசட்டும். நான் கேட்டுவிட்டேன், “பேசறேன், ஆனா என் பேரைச் சொல்லணும்” என்றார். காலையில் நாலு மணிக்கு வர முடியுமா என்று பாருங்கள். உங்கள் முழங்காலுக்கு ஒரு நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.

மறுபடியும்: ராயபுரம் கிரேன்காரர்

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாக இதே வேலைதான்.

டீச்சரம்மா, காலடிப்பேட்டையைத் திருத்திவிட்டேன், பாட்டியையும் வைத்துக்கொண்டேன். மசூலாப் படகுக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று சாயங்காலமே இராயப்பர் கோயில் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கோபுரத்தை அத்தனை வருடம் அடையாளமாக வைத்துக்கொண்டு சரக்கு இறக்கியிருக்கிறேன். கட்டியவர்கள் என் வேலையைத்தான் செய்தவர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

தம்பி, பீரோ முன்னால் உட்கார்ந்து பேசினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன். நீங்கள் சொன்ன மாதிரியே சத்தம் சுத்தமாக வந்திருக்கிறது. வியாழக்கிழமை வீட்டுக்காரம்மாவோடு தண்டையார்பேட்டையில் ஏறி இடப்பக்கம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் தடவை எனக்குப் பேச்சு நீண்டுவிட்டது. சுங்கச்சாவடிக் கதை முடிவதற்குள் காலடிப்பேட்டை அறிவிப்பு வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக வீட்டுக்காரம்மா ஒன்று சொன்னாள்: “கடல் தெரியறப்ப பேசாதீங்க.” பழனிப் பாதை நண்பர் சொன்னதும் இதுதான். வீட்டுக்கு வந்து பாதியை வெட்டிவிட்டேன். துறைமுகத்திலும் அப்படித்தான், சரக்கு காற்றில் இருக்கும்போது சிக்னல்மேன் தேவையில்லாமல் கை அசைக்க மாட்டார்.

மூன்றாம் பதிவை இங்கே போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

“கண்ணு, வண்டி ‘சுங்கச்சாவடி’ என்று சொல்லிவிட்டதா? சரி. இப்போது எதிர்ச் சன்னலைப் பார். அந்தப் பக்கம் கிழக்கு. வீட்டு மாடிகளில் துணி காய்கிறதே, அதற்கும் மேலே பார். நீலமாக ஒரு கோடு தெரியும். அது வங்காள விரிகுடா. நம் வீடு நமக்குப் பின்னால் இருக்கிறது, தெற்கே. தாத்தா வேலை செய்த துறைமுகமும் பின்னால்தான். 1875இல் கட்ட ஆரம்பித்தார்கள். ஆறு வருடம் கல்லாகப் போட்டுக் கட்டிய சுவரை 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து உடைத்துவிட்டது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவருக்குள் நின்ற கப்பல்களில் இருந்துதான் தாத்தா சரக்கு இறக்கினேன். உன் அம்மா ஸ்கூலுக்குப் போன காசு அங்கேயிருந்து வந்தது. அந்தக் கடலில் தெற்கும் கிழக்குமாகக் கப்பலில் போய்க்கொண்டே இருந்தால் உன் ஊர்த் துறைமுகமுனை வரும். அங்கே நீ என் காதில் சொன்னாய், இங்கே நான் உன் காதில் சொல்கிறேன். இப்போது நிறுத்திக்கொள்கிறேன். காலடிப்பேட்டை என்று வண்டி சொல்லும் வரைக்கும் கடலைப் பார்.”

இவ்வளவுதான் மூன்றாம் பதிவு. மற்றவற்றைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

காசிமேடு தங்கச்சி, நாலு மணிக்கு வருகிறேன், நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு. எந்தக் கிழமை என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர் பெயரை அவரே தன் வாயால் சொல்லித் தொடங்கட்டும், பதிவில் அதுதான் முதல் சொல்.